ஐம்பது தப்படி

தெருமுனை பேக்கரியைத் தாண்டியதும் மகள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் பின்னால் நீட்டி, வண்டியை நிறுத்தும் போக்குவரத்துக் காவலரைப் போல உள்ளங்கையைக் காட்டினாள். அம்மாவும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு நின்றாள். அங்கிருந்து பள்ளி வாசல்வரை இருவருக்கும் நடுவே ஐம்பது தப்படி இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மகள் விறுவிறுவென்று நடக்க, அம்மா ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் முப்பத்திரண்டு நோட்டுகளுமாக நின்று எண்ணினாள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. கடைவாசலில் ரொட்டித் தட்டை அடுக்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர் தினமும் பார்க்கிற காட்சிதான் இது. "டீச்சரம்மா, சிக்னல் விழுந்துடுச்சு, கிளம்புங்க" என்றார்.

இந்த ஒப்பந்தம் உருவானதற்குக் காரணம் அம்மாவின் வாய்தான். மகள் பிறந்தபோது விட்ட ஆசிரியர் வேலைக்குப் பதின்மூன்று வருடம் கழித்துத் திரும்பியிருந்தாள். எட்டாம் வகுப்பு இலக்கிய ஆசிரியை பிரசவ விடுப்பில் போக, அந்த இடத்துக்குத் தற்காலிகமாக இவளை எடுத்தார்கள். அந்த எட்டாம் வகுப்பில், மூன்றாவது பெஞ்சில், மகள் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் வருகைப் பதிவேட்டைப் படித்துக்கொண்டே வந்தவள், மகளின் முறை வந்ததும், வீட்டுப் பழக்கத்தில், "குட்டிம்மா" என்று கூப்பிட்டுவிட்டாள். வகுப்பே ஒரு நொடி மூச்சை அடக்கியது. பிறகு சிரிப்பில் வெடித்தது. அன்று சாயங்காலம் மகள் கதவைச் சாத்திய வேகத்தில் சுவர்க் காலண்டர் கீழே விழுந்தது.

"மூணே மூணு கண்டிஷன்மா" என்றாள் மகள், விரலை மடக்கி. "ஒண்ணு, ஸ்கூல்ல அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. ரெண்டு, ரோட்டுல ஐம்பது ஸ்டெப் தள்ளித்தான் வரணும். மூணு, வீட்டுக்கு வந்து 'இன்னிக்கு என் கிளாஸ் எப்படி இருந்துச்சு'ன்னு கேக்கவே கூடாது."

"நல்லா இருந்தா நீயா சொல்ல மாட்டியா?"

"அது நாலாவது கண்டிஷன். சொல்லவும் மாட்டேன்."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வாஷ்பேசின் முன்னால் நின்று கையில் எண்ணெயைத் தேய்த்து நாள் முழுவதும் ஒட்டிய கிரீஸைக் கரைத்துக்கொண்டிருந்தவர், "எனக்கு எத்தனை ஸ்டெப்?" என்று கேட்டார். "நீங்க ஸ்கூல் பக்கமே வராதீங்கப்பா" என்று ஒரே வரியில் அவர் வழக்கு முடிந்தது.

இதெல்லாம் சிரிப்புச் சமாசாரம். சிரிக்க முடியாதது ஒன்றும் இருந்தது. விடுப்பில் போன ஆசிரியை இனிமேல் திரும்பி வரப்போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். இடம் காலி. வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து இவளுடைய வகுப்பில் உட்காருவார். அவர் சரி என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் சாக்பீஸ் டப்பாவை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு. பதின்மூன்று வருடமாக மற்றவர்களின் நேரத்துக்குச் சமைத்து, துவைத்து, காத்திருந்தவளுக்கு, நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிற இந்த நாள் பிடித்துப்போயிருந்தது. ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது முப்பத்திரண்டு முகங்களும் அவரவர் பாட்டுக்கு யோசிக்கிற அந்தச் சத்தமில்லாத நொடிக்காக அவள் எத்தனை தப்படி வேண்டுமானாலும் தள்ளி நடக்கத் தயாராக இருந்தாள்.

அந்த வாரத்துப் பாடம் ஒரு சிறுகதை. பழைய ஆசிரியை விட்டுப்போன கோப்பில் கதையின் நகல் நான்கு தாள், தாளுக்கு இரண்டு பக்கமாக இருந்தது. அலுவலகத்தில் கொடுத்து முப்பத்திரண்டு பிரதி எடுத்துக்கொண்டாள். கதை எளிமையானது. வேலைக்காக வெளியூர் போன அக்காவின் சைக்கிளைத் தொடக் கூடாது என்று அம்மா கண்டித்துச் சொல்லியிருக்கிறாள். ஒரு மதியம், அம்மா தூங்கும் நேரத்தில், பன்னிரண்டு வயதுத் தங்கை அதை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம்வரை போகிறாள். சீட் எட்டாமல் நின்றுகொண்டே மிதிக்கிறாள். பாலத்தில் செயின் கழன்றுவிடுகிறது. யாரும் இல்லை. அவளே போராடி மாட்டுகிறாள். திரும்பி வரும்போது அம்மா விழித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். 'அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.' எட்டாம் பக்கத்தின் கடைசி வரி அது.

திங்கட்கிழமை அந்த வரியைப் படித்து முடித்துத் தாளைக் கீழே வைத்தபோது அவளுக்கே சிலிர்த்தது. "பாருங்க, எழுதினவங்க முடிவை நம்ம கையில விட்டுட்டாங்க. அம்மா என்ன செய்வாங்க? அதை நாமதான் கண்டுபிடிக்கணும். இந்தக் கதையோட அழகே அதுதான்" என்றாள். கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: 'இந்தக் கதையில் வளர்ந்தது யார்?'

வகுப்பில் இரண்டு கட்சி உருவானது. ஒரு கட்சிக்குத் தலைவன் ரேடியோ. எட்டரை மணிக்குப் பேச ஆரம்பித்தால் பள்ளி விடும்வரை நிறுத்தாத பையனுக்கு வகுப்பே வைத்த பெயர் அது. "அடிதான் மிஸ். எங்கம்மாவா இருந்தா முதல்ல அடி, அப்புறம்தான் விசாரணை" என்றான். எதிர்க்கட்சியில் வக்கீல் என்று பெயர் வாங்கிய பெண். "எதுக்கு அடிக்கணும்? கை முதுகுக்குப் பின்னாடி இருக்கு. அம்மா பாக்கவே இல்ல. சாட்சி எங்க?" என்று எழுந்து நின்றாள். "கிரீஸ் வாசனை வரும்ல!" "உனக்கு மூக்கு இருக்குன்னு கதையில இருக்கிற அம்மாவுக்கும் இருக்கணுமா?" ஜன்னலோரத்தில் எப்போதும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் பையன்கூட அன்று திரும்பி, "சைக்கிள் செயின் மாட்டத் தெரிஞ்சவளை ஏன் இன்னும் சின்னப் பொண்ணுன்னே சொல்றீங்க?" என்று கேட்டான். அவள் அந்தக் கேள்வியை அப்படியே கரும்பலகையில் எழுதினாள். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

மூன்றாவது பெஞ்ச் மட்டும் வாய் திறக்கவில்லை. செவ்வாய், புதன் என்று நாள் போகப் போக மகள் தாளைத் தவிர வேறெதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். 'அம்மா என்ன செய்தாள்? அரைப் பக்கம் எழுதுக' என்று புதன்கிழமை கொடுத்த வீட்டுப்பாடத்தில் மற்ற முப்பத்தொரு பேரும் எழுதித் தள்ளியிருந்தார்கள். ரேடியோ ஐந்து பக்கம் எழுதி, அம்மாவையும் பெண்ணையும் சைக்கிளில் டபுள்ஸ் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டியிருந்தான். மகளின் நோட்டில் ஒரே வரி. 'நான் சொல்ல மாட்டேன்.'

அம்மாவுக்குச் சுருக்கென்றது. என் வகுப்பில் என்பதால்தானே இந்தத் திமிர் என்று நினைத்தாள். பிறகு, என் வகுப்பில் என்பதால் வந்த கூச்சமோ என்று நினைத்தாள். எது அம்மா நினைப்பது, எது ஆசிரியை நினைப்பது என்று பிரிக்கத் தெரியாமல், சிவப்புப் பேனாவால் 'முயற்சி செய்யவும்' என்று எழுதி மூடிவைத்தாள்.

அந்த இரவு சாப்பிடும்போது கணவர் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த பிரதியைப் படித்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு? அந்த அம்மா எண்ணெய் எடுத்துக் குடுப்பாங்க. கிரீஸ் சோப்புக்குப் போகாது" என்றார்.

"கதையோட மையக்கருத்தைக் கேட்டா நீங்க கை கழுவுறதைப் பத்திப் பேசுறீங்க" என்று அவள் சிரித்தாள். மகளுக்குப் புரையேறியது. தண்ணீரைக் குடித்துவிட்டு அப்பாவையே விசித்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி அம்மா வந்தார். அறுபதை நெருங்கியவர், குட்டையானவர், தோளில் ஒரு பெரிய துணிப்பை, கையில் ஃபிளாஸ்க். கடைசி பெஞ்சில் ஒல்லியான இரண்டு பையன்களுக்கு நடுவே சாவகாசமாக உட்கார்ந்து, மூடியில் டீ ஊற்றிக்கொண்டார். முதல் ஐந்து நிமிடத்தில் அவள் சாக்பீஸை இரண்டு முறை கீழே போட்டாள். பிறகு ரேடியோ கையைத் தூக்கினான், வக்கீல் ஆட்சேபித்தாள், வண்டி தானாக ஓட ஆரம்பித்தது. முப்பதாவது நிமிடத்தில், 'அம்மாதான் வளர்ந்தாள், ஏனென்றால் அடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள்' என்று ஒரு தரப்பும், 'அவள் அடிக்க மாட்டாள் என்று உனக்கு யார் சொன்னது' என்று மறு தரப்பும் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தபோது, அதிகாரி அம்மாவின் டீ ஆறிப்போயிருந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே அவளுக்குத் தோன்றியது.

அப்போது அவர் எழுந்தார். "நான் ஒண்ணு கேக்கலாமா?" துணிப்பையிலிருந்து அட்டை நைந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்தார். "இது எனக்குப் பிடிச்ச கதை. கடைசிப் பக்கம் யாருமே பேசலையே? ஒன்பதாம் பக்கம்?"

பெஞ்சுகளில் தாள்கள் புரண்டன. "கடைசிப் பக்கமா?" என்றான் ரேடியோ, வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாக.

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். எட்டு. நான்கு தாள், தாளுக்கு இரண்டு பக்கம். ஐந்தாவதாக ஒரு தாள் இருந்திருக்க வேண்டும். பழைய கோப்பில் எங்கோ நழுவிப்போன, ஒரே ஒரு பக்கம் அச்சான தாள். ஒரு வாரமாக, வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டி, இதுதான் கதையின் அழகு என்று முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள்! முகம் சூடேறியது. காது சூடேறியது. சாக்பீஸ் தூள் படிந்த இரண்டு கைகளையும் தன்னை அறியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஓ, நீங்களே வேணும்னு அந்தப் பக்கத்தை எடுத்துட்டீங்களா?" அதிகாரி அம்மாவின் முகம் மலர்ந்தது. "பசங்களை யோசிக்க வைக்கவா? ரொம்ப நல்ல உத்தி. நான் எங்கேயும் பாத்ததில்ல."

தப்பிக்க வழியை அவரே திறந்து வைத்துவிட்டார். ஒரு சின்ன 'ஆமாம்' போதும். அவள் கண் தானாக மூன்றாவது பெஞ்சுக்குப் போனது. மகள் நேராக அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை அகல விரித்து, தாடையை மட்டும் மேலும் கீழுமாகக் கொஞ்சம் அசைத்தாள். 'ஆமான்னு சொல்லும்மா.' மூன்று வயதில் பொம்மையை உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்டபோது இருந்த அதே முகம். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்து, பூனை நம்ம வீட்டிலேயே இல்லையேம்மா என்று சொல்லிச் சிரித்தது நினைவு வந்தது.

முதுகுக்குப் பின்னாலிருந்து கைகளை எடுத்தாள்.

"இல்லீங்க மேடம். உத்தியெல்லாம் ஒண்ணும் இல்ல. என்கிட்ட இருந்த காப்பியிலேயே அந்தப் பக்கம் இல்ல. இல்லைங்கறதே எனக்கு இப்பதான் தெரியும். புத்தகத்தைத் தேடிப் பாத்திருக்கணும். பாக்கல. என் தப்புதான்."

ரேடியோ வெடித்தான். "மிஸ், அப்ப முடிவு இருக்கா? நாங்க ஒரு வாரமா சண்டை போட்டதெல்லாம்?" "நானும்தான்டா உங்களோட சேர்ந்து சண்டை போட்டேன்" என்றாள் அவள், எப்படியோ. அதற்கு வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். போன வேலை போனதுதான் என்று முடிவாகிவிட்டால் வருகிற ஒரு லேசான உணர்வு, காலுக்குள் புகுந்துகொண்டது.

அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். "சரி, யாராவது படிக்கட்டும்" என்று புத்தகத்தை நீட்டினார். வாங்கியவள், யோசிக்காமல் மூன்றாவது பெஞ்சில் அதை வைத்தாள். "நீ படிம்மா."

"பழைய புத்தகம். நடுவுல டீ கொட்டி ரெண்டு வரி மறைஞ்சிருக்கும். அந்த இடம் வந்தா நான் சொல்றேன்" என்றார் அதிகாரி அம்மா.

மகள் எழுந்து படிக்க ஆரம்பித்தாள். குரல் இரண்டாவது வரியில் நிலைப்பட்டது. கதையில் அம்மா தங்கையின் முகத்தைப் பார்த்தாளாம். மறைந்திருந்த கைகளைப் பார்க்கவில்லையாம். எங்கே போனாய் என்று கேட்கவில்லையாம். பழுப்பு நிறக் கறை பக்கத்தின் நடுவில் வட்டமாகப் படர்ந்திருப்பது, பக்கத்தில் நின்றவளுக்குத் தெரிந்தது. அங்கே எழுத்தே இல்லை. அதிகாரி அம்மா எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். மகள் நிற்கவில்லை. "எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு கிண்ணம் எண்ணெய் இருந்தது" என்று கறையின் மேலேயே நடந்து அந்தப் பக்கம் இறங்கி, "அதைப் படியில் வைத்துவிட்டு, 'சோப்புக்குப் போகாது' என்று மட்டும் சொன்னாள்" என்று முடித்தாள். கடைசி வரியைச் சொன்னபோது அவள் புத்தகத்தையே பார்க்கவில்லை.

அதிகாரி அம்மா திறந்த வாயை மெதுவாக மூடிக்கொண்டார்.

"அவ்ளோதானா?" என்றான் ரேடியோ. "நம்ம முடிவே பரவாயில்ல மிஸ்." வக்கீல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "மக்கு, அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும்டா. தெரிஞ்சும் கேக்கல." மணி அடித்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் கேட்டது. ஆனால் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

பிள்ளைகள் போன பிறகு அதிகாரி அம்மா வீட்டுப்பாட நோட்டுகளைக் கேட்டு வாங்கி, நின்றபடியே புரட்டினார். ரேடியோவின் ஐந்து பக்கத்துக்கு வாய்விட்டுச் சிரித்தார். ஒரு நோட்டில் நின்றார். "'நான் சொல்ல மாட்டேன்.' இது யாரு?"

"இப்ப படிச்சாளே, அவதான்" என்றாள். பிறகு சேர்த்துச் சொன்னாள்: "என் பொண்ணு."

"அப்படியா" என்றார் அவர். நோட்டை மூடி மற்றவற்றின் மேல் வைத்து, அதன்மேல் உள்ளங்கையை ஒருமுறை வைத்து எடுத்தார். "லெட்டர் திங்கக்கிழமை வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டு போனார்.

உணவு இடைவேளையில் அவள் நூலகத்துக்குப் போனாள். நூலகர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இருக்கு டீச்சர், ஆனா ரெண்டு நாளா கண்ணுல படல. உங்க கிளாஸ் பையன் ஒருத்தன், எப்பவும் ஜன்னலைப் பாத்துக்கிட்டே பேசுவானே, அவன்கூட ரெண்டு தடவை வந்து கேட்டுட்டுப் போனான்" என்றார். ஸ்டூல் போட்டு ஏறி அலமாரி அலமாரியாகத் தேடினார். யாரும் தொடாத பெரிய உலக வரைபடப் புத்தகத்துக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, ஒளித்து வைத்ததுபோல அது நின்றிருந்தது. "இங்க எப்படி வந்துச்சு? யாரோ வேணும்னே வச்சிருக்காங்க" என்று தூசியைத் தட்டினார். அவள் மேஜைமேல் இருந்த வாசிப்பறைப் பதிவேட்டைத் திருப்பினாள். திங்கட்கிழமை, மதியம். புத்தகத்தின் பெயர், அதன் எதிரே, வாலை நீட்டி எழுதும் அவளுக்குத் தெரிந்த கையெழுத்து. செவ்வாய்க்கிழமையும் அதே கையெழுத்து. புதன்கிழமையும்.

ஆக, மகளுக்குத் திங்கட்கிழமையிலிருந்தே தெரியும். அம்மா கரும்பலகை முன்னால் நின்று 'இந்தக் கதையோட அழகே அதுதான்' என்று மறுபடி மறுபடி சொன்னபோதெல்லாம் தெரியும். கையைத் தூக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் முப்பத்தொரு பேர் முன்னால் அம்மாவுக்குத் தலைகுனிவு. சொல்லாமல் எழுதினால் பொய். அதனால் 'சொல்ல மாட்டேன்.' வேறு யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று உலகத்தையே தூக்கி முன்னால் நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள். அதற்கு இவள் சிவப்புப் பேனாவால் முயற்சி செய்யச் சொல்லியிருக்கிறாள்.

"பேர் எழுதிட்டு எடுத்துட்டுப் போறீங்களா டீச்சர்?" என்றார் நூலகர். "வேணாம்" என்றாள். "முன்னாடி அலமாரியில, எல்லாருக்கும் தெரியற மாதிரி வைங்க. இன்னிக்கு நிறைய பேர் வருவாங்க." பதிவேட்டைப் பழையபடி திருப்பி வைத்தாள்.

சாயங்காலம் பள்ளி வாசலில் மகள் வழக்கம்போல முன்னால் போய்விட்டாள். அம்மா வழக்கம்போல நின்று எண்ணினாள். ஐம்பது ஆனதும் நடந்தாள். கேட்பதற்கு எத்தனையோ இருந்தது. எதற்கு ஒளித்தாய் என்று கேட்கலாம். எனக்கு மட்டும் வீட்டில் சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். ஏன் தலையாட்டினாய், நான் பொய் சொல்ல வேண்டும் என்றா நினைத்தாய் என்று அதட்டலாம். ஒவ்வொரு கேள்வியும் நாக்குவரை வந்தது. ஒவ்வொன்றும் திரும்பிப் போனது. மூன்றாவது ஷரத்தின்படி வகுப்பைப் பற்றிக் கேட்கவே கூடாது என்பது ஞாபகம் வந்து, நடுத்தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

பேக்கரி வந்ததும் உள்ளே போய்ச் சூடாக இரண்டு பன் வாங்கினாள். "என்ன டீச்சரம்மா, பாஸா ஃபெயிலா?" என்றார் பேக்கரிக்காரர். "திங்கக்கிழமைதான் தெரியும்" என்றாள். "அப்ப பன்னு எதுக்கு?" "பசிக்குது, அதான்."

வெளியே வந்தபோது தூரம் குறைந்திருந்தது. ஐம்பது தப்படி தள்ளி இருக்க வேண்டியவள் பதினைந்து தப்படியில், தெருவிளக்குக் கம்பத்துக்குக் கீழே, குனிந்து உட்கார்ந்து ஷூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். லேஸ் கட்டப் பொறுமை இல்லை என்று அடம்பிடித்து வாங்கிய ஷூ அது. ஒரே ஒரு ஒட்டுப்பட்டைதான், சர்ரென்று ஒட்டினால் முடிந்தது. மகள் பட்டையைப் பிரித்தாள். ஒட்டினாள். சரியில்லை என்பதுபோல மறுபடியும் பிரித்தாள்.

அம்மா பன் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவசரப்படாமல் நடந்தாள். பத்து தப்படி. ஐந்து. சர்ர் என்று பட்டை மறுபடியும் பிரியும் சத்தம் இப்போது நன்றாகவே கேட்டது.